தூத்துக்குடிக் கடலடியில் கடற்புல்: முத்துப்பார் முதல் செயற்கைக்கோள் வரை

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில், கரையை ஒட்டினாற்போல் 21 சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன; அவற்றில் இரண்டு இப்போது நீருக்குள். அவற்றைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலடியில் கடற்புல் வளர்கிறது. மீனவர்கள் இதைத் தாழை என்றும் சொல்வார்கள். கடற்பாசியோடு இதைச் சேர்த்து எண்ணிவிடுவது வழக்கம். ஆனால் இது பாசி அல்ல. வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாம் உடைய பூக்கும் தாவரம். ஒரு காலத்தில் தரையில் இருந்து பிறகு கடலுக்குள் போன குடும்பங்களைச் சேர்ந்தது. மன்னார் வளைகுடாவில் 13 இனங்கள் பதிவாகியுள்ளன. ஓரா மீன் இதை மேய்கிறது. இறால், நண்டுக் குஞ்சுகள் இதற்குள் வளர்கின்றன. கடற்குதிரைக்கும் கடல் அட்டைக்கும் இதுவே வீடு. ஆவுளியா என்னும் கடல் பசுவுக்கு ஏறக்குறைய இது ஒன்றுதான் உணவு.

இந்தப் புல் எவ்வளவு பரப்பில் இருக்கிறது, குறைகிறதா, அழிந்த இடத்தில் திரும்ப முளைக்கிறதா என்ற கேள்விகளுக்கு அளந்து பதில் சொல்லத் தொடங்கி நாற்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. இதே கடலடியை மனிதர் இரண்டாயிரம் ஆண்டுகளாக மூழ்கிப் பார்த்து வந்திருக்கிறார்கள். பார்த்ததெல்லாம் வேறு ஒன்றைத் தேடி.

தேடியது முத்து. கொற்கைத் துறைமுகத்தின் முத்து கிரேக்க, ரோமானியக் குறிப்புகளில் இடம்பெறும் அளவுக்குப் பேர் பெற்றது. பாண்டியர், போர்த்துகீசியர், 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று ஆட்சி கை மாறியபோதும் குளித்தவர்கள் மாறவில்லை. பரதவரும் அவர்களோடு கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம்களும்தான். முத்துச்சிப்பி வாழும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பார்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலையிரம் பார் அவற்றில் பெயர் பெற்றது. கரையிலுள்ள கோபுரம், பனை, மணல்மேடு ஆகியவற்றை ஒன்றோடொன்று நேர் பிடித்து, கடலுக்கு நடுவே பார் இருக்கும் இடத்தைத் தவறாமல் கண்டுபிடிக்கும் அறிவு மீனவரிடம் இருந்தது. மேலிருந்து அடையாளம் பார்த்துக் கீழே இருப்பதைக் குறிப்பது இந்தக் கடலுக்குப் புதிது அல்ல.

ஆங்கிலேயர் ஆட்சியில் முத்துக்குளிப்பு அரசின் ஏகபோகம். குளிப்பு நடத்துவதற்கு முன் பார்களைச் சோதிப்பது ஒரு முறையான நிர்வாக வேலையாயிற்று. படகுகளில் மூழ்குநர்களைக் கொண்டு போய், இடம் இடமாக இறக்கி, ஒவ்வொரு மூழ்கலிலும் வந்த சிப்பிகளை எண்ணி, வயதை மதிப்பிட்டு, மாதிரிச் சிப்பிகளை அழுகவைத்து முத்தெடுத்து விலை போட்டுப் பார்த்த பிறகே குளிப்பு அறிவிக்கப்படும். அடித்தரை கல்லா, மணலா, சேறா என்பதும் குறிப்பேட்டில் ஏறும். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1890-இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடல் உயிர்கள் பற்றித் தொகுத்து எழுதினார். 1902-இல் இலங்கை அரசின் அழைப்பில் வந்த ஸ்காட்லாந்து விலங்கியலாளர் வில்லியம் ஹெர்ட்மன், பார்களில் சிப்பி ஏன் திடீரென்று பெருகித் திடீரென்று மறைகிறது என்பதை ஆராய்ந்தார். அவரது அறிக்கை 1903-க்கும் 1906-க்கும் இடையில் ஐந்து தொகுதிகளாக வந்தது. அவருக்கு உதவியாளராக வந்த ஜேம்ஸ் ஹார்னெல் இங்கேயே தங்கி, இந்தியப் பக்கத்துப் பார்களைப் பற்றி 1905-இல் அறிக்கை தந்து, பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கே தலைவரானார்.

கடலடியைப் பற்றி இவ்வளவு எழுத்து உலகில் மிகச் சில கடற்கரைகளுக்கே உண்டு. ஆனால் அத்தனையும் பார்களைச் சுற்றியே நிற்கிறது. புல் வளர்வது பாரில் அல்ல; தீவுகளுக்கும் கரைக்கும் இடையில், மணலும் சேறும் கலந்த ஆழம் குறைந்த தரையில். அங்கே முத்து இல்லை, வரி இல்லை; ஆகவே கணக்கும் இல்லை. கடற்படை வரைபடங்களில் கடலடியின் தன்மையைக் குறிக்கும் குறியீடுகளுக்கிடையே களை என்று ஒரு குறி உண்டு. ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் இறக்கினால், அதில் ஒட்டிக்கொண்டு வருவது மணலா சேறா இலையா என்று தெரியும். பல காலமாகப் புல்லுக்குக் கிடைத்த அதிகாரபூர்வப் பதிவு பெரும்பாலும் அந்த ஒற்றைக் குறிதான்.

சுதந்திரத்துக்குப் பிறகும் நிலைமை உடனே மாறவில்லை. 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949-இல் மண்டபத்துக்கு வந்தது. தூத்துக்குடியிலும் அதன் நிலையம் அமைந்தது. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு அங்கே குளிப்பு நடக்கவில்லை. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு ஆராய்ச்சியாளர்களே நேரடியாக இறங்கிப் பார்க்கத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். மகாதேவனும் நாகப்பன் நாயரும் தூத்துக்குடிக்கு வெளியே கடலடியில் கண்டவற்றை வரிசையாகக் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். 1967-இல் வந்த கட்டுரை பாறைத் தரையைப் பற்றியது. மறுபடியும் பார்தான்.

புல்வெளியின் சிதைவு இதே ஆண்டுகளில் வேகம் பிடித்தது. 1960-களில் விசைப்படகுகளும் இழுவை மடிகளும் பெருகின. மடியின் அடிக்கயிறு தரையை உரசிக்கொண்டு போகும்போது இலை மட்டும் அறுவதில்லை, மண்ணுக்குள் ஓடும் தண்டும் பிடுங்கப்படுகிறது. தண்டு போன இடத்தில் புல் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கார்பைடு தயாரிப்புக்கும் தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. பவளத்திட்டு அலையை உடைக்கும் அரண். அது போனால் பின்னால் இருக்கும் மணலும் புல்லும் நேரடியாக அலைக்கு முகம் கொடுக்க வேண்டும். 1974-இல் தூத்துக்குடியின் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கடலுக்குள் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளும் அதன் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் நீரோட்டத்தின் போக்கையே மாற்றின. அனல் மின் நிலையச் சாம்பல், நகரக் கழிவுநீர், உப்பளங்களின் வடிகால் என்று கரைப்பக்கத்திலிருந்து வந்தவை தனி.

தீவுகளே கரைந்தன. கீழக்கரை வரிசையில் பூவரசன்பட்டியும் தூத்துக்குடி வரிசையில் விலங்குச்சல்லியும் நீருக்குள் மூழ்கிவிட்டன. வான் தீவும் காரியாச்சல்லியும் பழைய பரப்பில் ஒரு சிறு பங்காகச் சுருங்கின. 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. பவளம் 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. ஆனாலும் பவள வெட்டு நின்றது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்; 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தீவுகள்தான் கரையைக் காத்தன என்ற எண்ணம் ஊர்களில் வலுத்ததும் அதற்கு ஒரு காரணம்.

விண்ணிலிருந்து பார்க்கும் கண் இதற்கு நடுவில்தான் வந்து சேர்ந்தது. 1972 ஜூலையில் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட்டின் படத்தில் ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ 80 மீட்டர் சதுரம். நீல ஒளியை அது பதிவு செய்யவே இல்லை. இந்தியாவில் தொலையுணர்வு முயற்சி தொடங்கியதும் ஒரு தாவரத்தின் நலத்தைப் பார்க்கத்தான்: கேரளத் தென்னைகளைத் தாக்கிய வேர்வாடல் நோயை 1970 வாக்கில் ஹெலிகாப்டரில் இருந்து அகச்சிவப்புப் படம் எடுத்து ஆராய்ந்தார் பிஷரோத் ராம பிஷரோட்டி. 1988 மார்ச் 17 அன்று ஐ.ஆர்.எஸ்.-1ஏ ஏவப்பட்டபோது இந்தியாவுக்கே சொந்தமாக ஒரு தொலையுணர்வுச் செயற்கைக்கோள் கிடைத்தது.

நீருக்கு மேலே மிதக்கும் செடியைப் படத்தில் கண்டுபிடிப்பது எளிது. தாமிரபரணியின் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் அடர்ந்து மிதக்கும் அமலைச்செடி, அருகு அகச்சிவப்பு ஒளியைப் பலமாகத் திருப்பி அனுப்பும். தண்ணீரோ அந்த ஒளியை அப்படியே விழுங்கிக் கறுப்பாகத் தெரியும். இரண்டுக்கும் வேறுபாடு பளிச்சென்று இருக்கும். மூழ்கிய புல்லுக்கு இந்த வழி உதவாது. அகச்சிவப்பு ஒளி நீரின் மேற்பரப்பிலேயே அடங்கிவிடும். சிவப்பு சில மீட்டர்தான் போகும். பத்து மீட்டர் அளவுக்கு இறங்கித் தரையைத் தொட்டுத் திரும்புவது நீலமும் பச்சையும்தான், அதுவும் நீர் தெளிந்திருந்தால். இன்னொரு சிக்கல்: இரண்டு மீட்டர் ஆழத்துப் புல்லும் எட்டு மீட்டர் ஆழத்து வெறும் மணலும் படத்தில் ஏறக்குறைய ஒரே இருட்டாகத் தெரியக்கூடும். ஆழத்தால் வரும் இருட்டைக் கழித்துவிட்டுத் தரையின் நிறத்தை மட்டும் பிரித்தெடுக்க, இரண்டு நிறங்களின் விகிதத்தைக் கொண்டு ஒரு கணக்கை அமெரிக்கரான டேவிட் லைசெங்கா 1978-இல் வகுத்தார். இன்றும் உலகெங்கும் கடற்புல் வரைபடங்களில் அந்தக் கணக்கு ஏதோ ஒரு வடிவில் பயன்படுகிறது.

இந்தியச் செயற்கைக்கோள்களின் வரலாற்றில் இங்கே ஒரு முரண் உண்டு. ஐ.ஆர்.எஸ்.-1ஏ-யின் கருவியில் நீல அலைவரிசை இருந்தது, ஆனால் படம் பருமட்டு, 72.5 மீட்டர், இன்னொரு கருவியில் 36.25 மீட்டர். 1995-இல் ஐ.ஆர்.எஸ்.-1சி-யும் 1997-இல் ஐ.ஆர்.எஸ்.-1டி-யும் கொண்டுவந்த லிஸ்-3 கருவியில் படம் 23.5 மீட்டராகக் கூர்மையானது, ஆனால் நீலம் போய் அந்த இடத்துக்குக் குற்றலை அகச்சிவப்பு வந்தது. பயிருக்கும் காட்டுக்கும் மண் ஈரத்துக்கும் அது சரியான தேர்வு. கடலடிக்கு அது இழப்பு. வேளாண்மைக்காக வடிவமைக்கப்பட்ட கண்ணைக் கடலுக்கும் கடன் வாங்கிய காலம் அது.

கடன் வாங்கிய கண்ணிலும் ஏதோ தெரிந்தது. அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 1990-களில் இந்தியப் பவளத்திட்டுகளின் வரைபடங்களைத் தயாரித்தது; மன்னார் வளைகுடாத் தீவுகளும் அதில் அடக்கம். பவளத்துக்காக வரைந்த அந்தப் படங்களில், திட்டின் உள்பக்கத்துப் பாசியும் புல்லும் தனி நிறத்தில் இடம்பிடித்தன. முத்துக்காகப் பார்த்த காலத்தில் கிடைக்காத இடம், பவளத்துக்காகப் பார்த்தபோது ஓரமாகக் கிடைத்தது எனலாம். புல்லையே முதல் பொருளாகக் கொண்ட வேலைகள் அதற்கடுத்து வந்தன. அண்ணா பல்கலைக்கழகத்தின் பெருங்கடல் மேலாண்மை நிறுவனத்தைச் சேர்ந்த உமா மகேஸ்வரி, இராமச்சந்திரன், நோபி ஆகியோர் ஐ.ஆர்.எஸ்.-1டி படங்களைக் கொண்டு மன்னார் வளைகுடாவின் புல்வெளிப் பரப்பை வரைந்து 2009-இல் வெளியிட்டார்கள். சென்னையிலுள்ள தேசிய நீடித்த கடலோர மேலாண்மை மையத்தின் ஆய்வு, நீல அலைவரிசை இரண்டு உடைய லேண்ட்சாட்-8 படங்களைக் கொண்டு இந்தியா முழுவதுக்கும் கணக்கெடுத்தது. 2018-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி நாட்டின் கடற்புல் பரப்பு சுமார் 517 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிறது.

படம் எடுக்கும் காலமும் முக்கியம். தென்மேற்குப் பருவத்தில் பலத்து வீசும் கச்சான் காற்று தூத்துக்குடிக் கடலைக் கலக்கிவிடும். வடகிழக்குப் பருவமழையில் கரை வெள்ளம் சேற்றைக் கொண்டுவந்து கொட்டும். எடுத்துக்காட்டாக, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கயத்தாறு, ஒட்டப்பிடாரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் பெய்த மழை ஓடைகளாகத் திரண்டு, கோரம்பள்ளம் வழியே தூத்துக்குடி நகரத்துக்குள்ளும் கடலுக்குள்ளும் பாய்ந்தது. வடகிழக்குப் பருவமழைக்கும் கச்சானுக்கும் நடுவில், தை பிறந்து சித்திரை வரையில், கடல் ஓரளவு தெளிந்து அமைதியாக இருக்கும் வாரங்கள் உண்டு. பயன்படத்தக்க படங்கள் பெரும்பாலும் அந்த வாரங்களில் கிடைப்பவை. பழைய முத்துக்குளிப்புகள் பெரும்பாலும் மாசி, பங்குனி, சித்திரையில் நடந்ததற்கும் காரணம் இதே தெளிவுதான். மூழ்குபவனின் கண்ணுக்கும் 700 கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் கருவிக்கும் வேண்டிய கடல் ஒன்றே. ஆனால் முத்துப்பார்கள் இருக்கும் ஆழத்தை அந்தக் கருவியால் எட்ட முடியாது. இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கணக்கில் வராத புல்தான் அதற்குத் தெரிகிறது.

மீட்பு என்ற சொல் இந்த வரலாற்றில் மிகவும் பிந்தி வருகிறது. தூத்துக்குடியில் 1998-இல் தொடங்கப்பட்ட சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம், தீவுகளைச் சுற்றிய பவளத்தையும் புல்லையும் மூழ்கி அளந்து ஆவணப்படுத்தி வந்தது. 2010-களில் அது புல் நடவிலும் இறங்கியது. நன்றாக இருக்கும் புல்வெளியிலிருந்து தண்டோடு கூடிய நாற்றுகளை எடுத்து, பி.வி.சி. குழாய்ச் சட்டங்களில் சணல் கயிற்றால் கட்டி, சிதைந்த இடத்தில் பதிப்பது முறை. கயிறு மக்குவதற்குள் வேர் பிடித்துவிட வேண்டும். சைமோடோசியா, தலாசியா, சிரிங்கோடியம் ஆகிய பேரினங்களின் நாற்றுகள் இதற்குப் பயன்பட்டன. பாக் விரிகுடாவின் தஞ்சாவூர்க் கரையில் ஓம்கார் அமைப்பு பி.வி.சி.க்குப் பதில் மூங்கில் சட்டமும் தேங்காய்நார்க் கயிறும் கொண்டு இதே வேலையைச் செய்தது. கடலில் பிளாஸ்டிக்கை விட்டுவைக்காத வழி அது. வான் தீவைச் சுற்றி 2015-க்குப் பிறகு இறக்கப்பட்ட செயற்கைத் திட்டுகள் அலையின் வேகத்தைத் தணித்ததால், தீவின் பின்பக்கத்துத் தரையும் ஓரளவு அமைதி பெற்றது.

நட்ட புல் பிழைத்ததா என்று செயற்கைக்கோள் சொல்லுமா? தொடக்கத்தில் சொல்லாது. லேண்ட்சாட்டின் ஒரு புள்ளி 900 சதுர மீட்டர். லிஸ்-3 புள்ளி 550 சதுர மீட்டருக்குச் சற்று மேல். 2015 முதல் ஐரோப்பா இலவசமாகத் தரும் சென்டினல்-2 படத்தில் 100 சதுர மீட்டர். நடவுச் சட்டம் ஒரு மீட்டர் சதுரம். நட்ட பாத்திகள் பரவி, ஒன்றோடொன்று இணைந்து, சில நூறு சதுர மீட்டரை நிரப்பும் வரைக்கும் அவை மேலிருந்து பார்ப்பவருக்கு இல்லாதவையே. அதுவரை மூழ்குபவர்தான் சட்டத்தை வைத்துத் தண்டுகளை எண்ண வேண்டும். அதற்கு மேலும் செயற்கைக்கோள் சொல்வது பரப்பை மட்டும். ஒரு சதுர மீட்டரில் தண்டு எத்தனை, என்ன இனம், இலை எவ்வளவு நீளம், நண்டு திரும்பி வந்ததா என்பதெல்லாம் கீழே இறங்கியவரின் கணக்கு. பரப்பு அப்படியே இருக்க அடர்த்தி பாதியாகக் குறைந்து போவதும் உண்டு. வரைபடத்தை மட்டும் நம்பியவருக்கு அது நலமாகவே தெரியும்.

வேறு வகைத் தவறுகளும் நேரும். 2016-இல் கடல் நீர் சூடேறிப் பவளம் வெளுத்தபோது, இறந்த பவளத்தின் மேல் பாசி படர்ந்தது. படத்தில் அந்தப் பாசித் திட்டுக்கும் புல்வெளிக்கும் நிறம் அவ்வளவு மாறுபடாது. மண்டபம் பக்கத்தில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டுக் குருசடைத் தீவின் பவளங்களில் பரவிய காப்பாபைகஸ் பாசியும் இந்தக் குழப்பத்தைக் கூட்டியது. களத்தில் சரிபார்க்காமல் வரைந்த படம், பவளத்தின் சாவைப் புல்லின் வளர்ச்சியாகக் காட்டிவிடக்கூடும். அதனால் நல்ல ஆய்வுகள் படத்திலிருந்து பல இடங்களைத் தேர்ந்து, படகில் போய்ப் பார்த்து, எத்தனை சரி எத்தனை தவறு என்று விகிதம் சொல்லிய பிறகே பரப்பை வெளியிடுகின்றன.

நீண்ட ஆவணம் இருந்தால் மீட்பை எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதற்கு வெளியே எடுத்துக்காட்டுகள் உண்டு. அமெரிக்காவின் செசாபீக் விரிகுடாவில் 1984 முதல் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் விமானப் படம் எடுத்து நீரடித் தாவரங்களை வரைகிறார்கள். புளோரிடாவின் தம்பா விரிகுடாவில் 1950-களின் விமானப் படங்கள் பத்திரமாக இருந்ததால், அந்தக் காலத்துப் பரப்பையே இலக்காக வைத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்தார்கள். 2014 வாக்கில் இலக்கைத் தாண்டினார்கள், பிறகு மறுபடி ஒரு பகுதியை இழந்தார்கள். ஏறவும் இறங்கவும் கணக்கு இருந்ததால் இரண்டையும் அறிய முடிந்தது. இந்தியாவில் இதற்கு நெருங்கிய நிகழ்வு ஒடிசாவின் சிலிகா ஏரி. கடல்வாய் தூர்ந்து உவர்ப்பு குறைந்ததால் நன்னீர்க் களைகள் ஏரியை நிறைத்தன. 1993-இல் அது ஆபத்திலுள்ள ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலுக்குப் போனது. 2000 செப்டம்பரில் புதிய கடல்வாய் வெட்டப்பட்டது. உவர்ப்பு திரும்பியதும் களை பின்வாங்கிக் கடற்புல் பரவியதைச் செயற்கைக்கோள் படங்களும் களக் கணக்கும் சேர்ந்து காட்டின. 2002-இல் அந்தப் பட்டியலிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது.

மன்னார் வளைகுடாவுக்கு அப்படி ஓர் அடிக்கணக்கு இல்லை. செயற்கைக்கோள் படங்களில் மிகப் பழையவை 1970-களைச் சேர்ந்தவை. புல்லைப் பிரித்தறியத்தக்க படங்கள் 1980-களின் இறுதியில்தான் தொடங்குகின்றன. அதற்குள் இழுவை மடி வந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது, துறைமுகம் கட்டி முடிந்திருந்தது, பவள வெட்டு உச்சத்தில் இருந்தது. 1990-ஐ நூறாக வைத்து இன்றைய பரப்பை ஒப்பிடும் எந்த விழுக்காடும், ஏற்கெனவே சிதைந்த ஒரு கடலைத்தான் முழுமை என்று எடுத்துக்கொள்கிறது. 1960-க்கு முன் வான் தீவுக்கும் கரைக்கும் இடையில் புல் எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்பதற்கு இருக்கும் சான்று, அங்கே வலை போட்ட முதியவர்களின் நினைவும் ஆவுளியா அகப்பட்ட இடங்களைப் பற்றிய பேச்சும்தான். ஆராய்ச்சியாளர்கள் இப்போது அந்த நினைவுகளையும் கேட்டுப் பதிவு செய்கிறார்கள்.

அண்மை ஆண்டுகளில் கருவிகள் பெருகியுள்ளன. 2008-இல் லேண்ட்சாட் ஆவணம் முழுவதும் இலவசமானது. பழைய படங்களை வரிசையாக அடுக்கி ஒரே தீவின் முப்பது ஆண்டு மாற்றத்தைப் பார்ப்பது ஆராய்ச்சி மாணவர்களுக்கும் கைகூடியது. ட்ரோன் படங்கள் நடவுப் பாத்தி அளவுக்கு இறங்கிப் பார்க்கின்றன. ஒலி அலையால் தரையை வருடும் கருவிகள் கலங்கிய நீரிலும் வேலை செய்கின்றன. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அங்குள்ள புல்வெளிகளின் பரப்பும் அந்த முடிவுக்கு ஓர் அடிப்படை. தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகள் முன்போலவே தேசியப் பூங்காவின் கீழ் இருக்கின்றன. காரியாச்சல்லியைச் சுற்றியும் செயற்கைத் திட்டுகள் இறக்கும் பணி எடுக்கப்பட்டுள்ளது. அங்கே புல்லின் நிலையை அறிய, தெளிந்த மாதங்களின் சென்டினல் படமும், அதே வாரத்தில் ஒரு மீட்டர் சட்டத்தோடு இறங்கும் மூழ்குநரின் எண்ணிக்கையும் சேர்ந்துதான் வாசிக்கப்பட வேண்டும்.